நாம் வாழும் நாட்டார்: மக்கள் தலைவர் கர்பூரி தாக்கூர்



சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்து நூல்நிலையத்தில் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். நம்மவர் வீட்டுப் பிள்ளை. எட்டாம் வகுப்பில் படிப்பவன். பாரத ரத்தினம் விருது பெற்றோருள் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு பள்ளியில் பணித்திருந்தார்களாம். "இராஜாஜி, சர் சி. வி. இராமன், காமராசர் ஆகியோரைப் பற்றியெல்லாம் முன்பே எழுதிவிட்டேன், மாமா. இம்முறை எனக்குக் கர்பூரி தாக்கூர் என்பவரைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் யார்?" என்று கேட்டான்.

அருகில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் நால்வரும் நிமிர்ந்து பார்த்தனர். வடநாட்டுக்கு வந்து முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தவர்கள் அவர்கள். ஒருவர், "பீகாரில் முதலமைச்சராய் இருந்தவர்" என்றார். அதற்குமேல் எவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பிள்ளை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு நாணமாய் இருந்தது. எந்த மண்ணின் நீரைக் குடித்து வாழ்கிறோமோ, அந்த மண்ணின் மாந்தரை அறியாமலே இத்தனை காலம் வாழ்ந்துவிட்டோம் அல்லவா? அந்தப் பிள்ளைக்கு நான் கடன்பட்ட விடையையே இத்திங்கள் இப்பகுதியில் எழுதுகிறேன்.

சிற்றூரும் சிறு குடியும்

பீகார் மாநிலத்தில் கங்கைக்கு வடக்கே சமஸ்திபூர் என்னும் ஊர் உண்டு. அதனை அடுத்த பிதௌஞ்சியா என்ற சிற்றூரில் 1924ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் கர்பூரி தாக்கூர் பிறந்தார். தந்தையார் கோகுல் தாக்கூர். தாயார் ராம்துலாரி தேவி. தாக்கூர் என்னும் பெயரைக் கண்டு, நிலமும் படையும் உடைய பெருங்குடி என்று மயங்கிவிடலாகாது. வடநாட்டில் அப்பெயரைப் பல வகுப்பினரும் தாங்குவர். கர்பூரி பிறந்தது நாவிதர் குடியில். நம் தமிழகத்தில் 'மருத்துவர்' என்று வழங்கும் வகுப்பை ஒத்தது அது. ஊரில் வீட்டுக்கு வீடு சென்று தொழில் செய்து, அறுவடைக் காலத்தில் அவர்கள் அளக்கும் தானியத்தைப் பெற்று வாழ்ந்த குடும்பம்.

அக்குடியில் பிறந்த பிள்ளை பள்ளியிறுதித் தேர்வில் முதல் வகுப்பில் தேறினான். மகிழ்ச்சி தாங்காத தந்தை அவனை ஊர்ச் செல்வர் ஒருவரிடம் அழைத்துச் சென்று செய்தியைச் சொன்னாராம். செல்வர் சாய்ந்தபடியே, "அப்படியா? நல்லது, வா, என் காலைப் பிடித்துவிடு" என்றாராம். பீகாரில் இன்றும் சொல்லப்படும் கதை இது. அக்காலத்துச் சிற்றூர் வாழ்க்கையை அறிந்தவர்க்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. பிள்ளை படித்துவிட்டான் என்பதை ஊர் ஒப்புக்கொண்டது. அதனால் அவன் இருக்கும் இடம் மாறிவிடும் என்பதை மட்டும் அது ஒப்புக்கொள்ளவில்லை. கர்பூரியின் பொதுவாழ்வு முழுவதும் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் முயற்சியாகவே அமைந்தது எனலாம்.

1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தது. கல்லூரி மாணவராய் இருந்த அவர் படிப்பைத் துறந்து போராட்டத்தில் இறங்கினார். இருபத்தாறு திங்கள் சிறையில் கழித்தார். நாடு விடுதலை பெற்றபின் தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1952இல் முதற் பொதுத் தேர்தல் வந்தபோது, சோஷலிஸ்டுக் கட்சியின் வேட்பாளராகத் தாஜ்பூர்த் தொகுதியில் நின்று வென்றார். அந்நாள் தொட்டு, சட்டசபைத் தேர்தல் எதிலும் அவர் தோற்றதில்லை. நாடாளுமன்றத்துக்கு 1977இல் சமஸ்திபூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்; 1984இல் அதே தொகுதியில் தோல்வி கண்டார்.

ஒன்றை நாம் கருத வேண்டும். நாவிதர் வகுப்பினர் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையினர் அல்லர். ஊருக்குச் சில வீடுகளே உடைய மக்கள் அவர்கள். தம் வகுப்பாரின் வாக்கை மட்டும் நம்பியிருந்தால் அவர் ஒரு முறையும் வென்றிருக்க முடியாது. நம் தமிழகத்தில், எண்ணிக்கையால் மிகச் சிறிய இசை வேளாளர் குடியில் பிறந்த மு. கருணாநிதி 1969இல் முதலமைச்சரானார். அடுத்த ஆண்டின் இறுதியில் பீகாரிலும் அத்தகைய ஒரு சிறு குடியினர் அப்பதவியை எய்தினார். இருவர் கொள்கையும் வேறு, வழியும் வேறு; ஆயினும் இரு நாட்டிலும் காலம் ஒரே திசையில் திரும்பிக்கொண்டிருந்தது என்பதை இது காட்டுகிறது.

தொழிலாளர் தோழர்

1960இல் மத்திய அரசாங்க ஊழியர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தனர். அஞ்சல், தந்தி ஊழியர்களுக்குத் தலைமை தாங்கியதற்காகக் கர்பூரி சிறை சென்றார். 1970இல் ஜாம்ஷெட்பூர் டெல்கோ தொழிலாளர்களின் கோரிக்கைக்காக இருபத்தெட்டு நாள் உண்ணாநோன்பு இருந்தார். ஜாம்ஷெட்பூரில் தமிழர் பலர் நெடுங்காலமாய் வாழ்ந்து வருவதை நேயர்கள் அறிவர். அந்நகரம் அந்நாளில் பீகாரைச் சேர்ந்தது; 2000ஆம் ஆண்டில்தான் ஜார்க்கண்டு மாநிலத்துள் அடங்கிற்று.

ஆங்கிலமும் ஏழைப் பிள்ளையும்

1967இல் பீகாரில் காங்கிரசு ஆட்சி முதன்முறையாக வீழ்ந்தது. மகாமாயா பிரசாத் சின்கா தலைமையில் பல கட்சிகள் கூடி அமைத்த அரசில் கர்பூரி துணை முதலமைச்சராகவும் கல்வி அமைச்சராகவும் பொறுப்பேற்றார். அப்போது அவர் செய்த ஒரு செயல், அவரை வாழ்த்துவோர் நாவிலும் வைவோர் நாவிலும் இன்றும் நிலைத்திருக்கிறது. பள்ளியிறுதித் தேர்வில் தேற, ஆங்கிலத்திலும் தேறியாக வேண்டும் என்ற கட்டாயத்தை அவர் நீக்கினார்.

காரணம் தெளிவானது. சிற்றூர்ப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கத் தக்க ஆசிரியர் இலர். கணக்கிலும் வரலாற்றிலும் தேறிய பிள்ளைகள் ஆங்கிலம் ஒன்றிலே தவறி, ஏர் பிடிக்கத் திரும்பினர். பெண் பிள்ளைகளின் படிப்பு அத்துடன் முடிந்தது. ஆங்கிலம் ஓர் அறிவுக் கதவாக இல்லாமல், ஏழையை வெளியே நிறுத்தும் வேலியாக இருந்தது என்று அவர் கருதினார். இராம் மனோகர் லோகியாவின் வழி நின்றவர்கள் யாவரும் அவ்வாறே கருதினர்.

வேலி அகன்றது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தேறினர். நகரத்துக் கற்றோரோ அவர்களை எள்ளினர். ஆங்கிலம் இல்லாமல் தேறியவர்களைக் 'கர்பூரி டிவிஷனில் பாஸ்' என்று ஏளனம் செய்யும் வழக்கு பீகார் முழுவதும் பரவிற்று.

நேயர்களே, இவ்விடத்தில் நம்மவர் பலர்க்கு நெஞ்சு சற்று நெருடும். ஆங்கிலத்தை ஊன்றுகோலாகக் கொண்டுதானே நாம் வடநாட்டுக்கு வந்தோம்! அதே 1967இல் தமிழகத்திலும் காங்கிரசு ஆட்சி வீழ்ந்தது, அண்ணா முதலமைச்சரானார். 1968 ஜனவரியில் தமிழகச் சட்டசபை, தமிழும் ஆங்கிலமும் போதும், இந்தி வேண்டா என்று தீர்மானித்தது. ஒருவர் ஆங்கிலத்தின் கட்டாயத்தை நீக்கினார். மற்றவர் இந்தியின் கட்டாயத்தை நீக்கினார். மேலோட்டமாய் நோக்கின் இவை ஒன்றுக்கொன்று பகை. ஆழ்ந்து நோக்கினால் இரண்டுக்கும் வேர் ஒன்றே: தன்னுடையதல்லாத மொழியால் தன் மக்களின் பிள்ளை பின்தள்ளப்படலாகாது என்னும் கவலை.

ஆயினும், உண்மையை மறைத்தல் தகாது. கட்டாயம் நீங்கியதேயன்றி, ஆங்கிலத்தின் ஆட்சி நீங்கவில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கான்வென்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்று, பெரிய உத்தியோகங்களுக்குச் சென்றனர். சிற்றூர்ப் பிள்ளை பள்ளியிறுதி வாயிலைக் கடந்தான். அடுத்த வாயிலில் அதே வேலியை மீண்டும் கண்டான். வேலியை அகற்றிய கைகளே நல்ல ஆங்கில ஆசிரியர்களையும் சிற்றூர்க்கு அனுப்பியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. இக்குறையைச் சொல்லலாம், ஆனால் ஏளனம் செய்தவர்களோடு சேர்ந்து சிரிப்பது நமக்கு அழகன்று.

இருபத்தாறு விழுக்காடு

1970 டிசம்பரில் கர்பூரி முதன்முறை முதலமைச்சரானார். பீகாரில் அப்பதவி ஏற்ற முதற் சோஷலிஸ்டு அவரே. பல கட்சிகளின் தோளில் ஏறிய அந்த ஆட்சி 1971 ஜூன் வரையே நின்றது. 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அவர் தலைமறைவாய் இருந்து போராடினார். 1977இல் ஜனதாக் கட்சி வென்றதும், ஜூன் 24ஆம் நாள் இரண்டாம் முறை முதலமைச்சரானார்.

அவர் பதவியேற்பதற்குச் சில வாரங்களுக்கு முன், மே மாத இறுதியில், பாட்னா மாவட்டத்துப் பெல்ச்சி என்னும் சிற்றூரில் பதினொருவர் கொல்லப்பட்டுத் தீயிலிடப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அவர்களைக் கொன்றவர்கள் பண்டைய உயர்குடியினர் அல்லர். நிலமும் ஆள்பலமும் பெற்று உயர்ந்த ஒரு பிற்பட்ட வகுப்பினர். பிற்பட்டோர் என்று ஒரே பெயரிட்டு அழைக்கும் கூட்டத்துள்ளேயே ஆள்வோரும் அடங்குவோரும் உண்டு என்பதை நாடு அன்று கண்டது. நாவிதர், குயவர், கருமார், படகோட்டிகள் முதலான, நிலமற்ற சிறு கைத்தொழில் குடிகளின் நிலையைக் கர்பூரிக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அவர் பிறந்ததே அங்கேதான்.

பிற்பட்ட வகுப்புகளை ஆராய 1971இல் முங்கேரி லால் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு 1976இல் தந்த அறிக்கையில், பிற்பட்ட வகுப்புகள் 128 என்றும், அவற்றுள் மிகவும் பிற்பட்டவை 94 என்றும் பிரித்துக் காட்டியது. இதனை அடிப்படையாகக் கொண்டு 1978 நவம்பரில் கர்பூரி அரசாங்க உத்தியோகங்களில் இருபத்தாறு விழுக்காடு ஒதுக்கீடு செய்தார். பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்பே இருந்த ஒதுக்கீட்டுக்கு மேற்பட்டது இது. அதனைப் பிரித்த முறை நினைவில் வைக்கத் தக்கது. மிகவும் பிற்பட்டோர்க்கு 12, ஏனைய பிற்பட்டோர்க்கு 8, பெண்களுக்கு 3, முற்பட்ட வகுப்பு ஏழைகளுக்கு 3.

நான்கு பங்கையும் ஒவ்வொன்றாய் நோக்குங்கள். வலியவனும் எளியவனும் ஒரே பந்தியில் அமர்ந்தால் வலியவனே உண்டு எழுவான் என்பதை அறிந்து, எளியவனுக்குத் தனி இலை போட்டார். பெரிய இலையும் அவனுக்கே. பெண்களை எவரும் எண்ணாத காலத்தில் எண்ணினார். உயர்குடியில் பிறந்தும் வறுமையில் வாடுவோரையும் விலக்கவில்லை.

நம் தமிழகத்தோடு இதனை ஒப்பிட்டால் பயன் உண்டு. இடஒதுக்கீட்டில் நாம் வடநாட்டுக்கு மூத்தவர்கள் என்று பெருமை பேசுகிறோம், அது உண்மையே. ஆனால் மிகவும் பிற்பட்டோர்க்குத் தனிப்பங்கு தரவேண்டும் என்று சட்டநாதன் குழு 1970இல் பரிந்துரைத்தும், தமிழகம் அதனைச் செய்தது 1989இல்தான். பீகார் அவ்வகையில் நமக்குப் பதினோராண்டு முந்திக்கொண்டது. மத்திய அரசாங்கம் மண்டல் குழுவின் பரிந்துரையை 1990இல் ஏற்றபோது, அதில் இத்தகைய உட்பிரிவு இல்லை. மண்டல் குழுவில் இருந்த எல். ஆர். நாயக் என்பவர் எளிய வகுப்புகளைத் தனியே பிரிக்க வேண்டும் என்று மாறுபட்டு எழுதியதும் பயனின்றிப் போயிற்று.

உத்தரவு பிறந்ததும் பீகார் கொந்தளித்தது. மாணவர் கிளர்ச்சி, தீவைப்பு, கல்லெறிதல் எல்லாம் நிகழ்ந்தன. பதவியை விட்டுச் சவரக் கத்தியை எடுத்துக்கொள் என்று முதலமைச்சரையே தெருவில் முழக்கமிட்டு இழித்தனர். காலைப் பிடித்துவிடு என்ற அந்தச் செல்வரின் குரல்தான், இப்போது ஊர்வலமாய் வந்தது! கட்சிக்குள்ளும் பிளவு முற்றிற்று. 1979 ஏப்ரலில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. இராம் சுந்தர தாஸ் முதலமைச்சரானார். கர்பூரி கொண்டுவந்த மதுவிலக்கும் அவருக்குப் பின் நிலைக்கவில்லை.

இரண்டு ஆட்சியும் சேர்ந்து இரண்டரை ஆண்டு நிறையவில்லை. சாலையும் அணையும் எழுப்பிக் காட்டக் காலம் இருக்கவில்லை. உழுபவனுக்கு நிலம் என்னும் சோஷலிஸ்டுகளின் பழைய வாக்குறுதியும் பீகாரில் நிறைவேறவில்லை. பங்கீட்டு உத்தரவு ஒன்றுதான் நின்றது. ஆனால் அது நின்றே விட்டது. 2023 அக்டோபரில் பீகார் அரசாங்கம் வெளியிட்ட சாதிவாரிக் கணக்கெடுப்பில், மிகவும் பிற்பட்டோர் மட்டும் மாநில மக்களுள் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் என்று தெரியவந்தது. எவரும் எண்ணிப் பாராத அம்மக்களை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே எண்ணியவர் கர்பூரி.

கந்தல் சட்டை

அவர் எளிமையைப் பற்றிப் பீகார் மக்கள் சொல்லும் கதைகள் பல. ஜெயப்பிரகாச நாராயணரின் பிறந்தநாள் விழாவுக்கு 1977இல் முதலமைச்சர் கிழிந்த சட்டையோடு வந்தாராம். அதைக் கண்ட சந்திரசேகர், அவருக்குப் புதுச் சட்டை வாங்கக் கூடியிருந்தோரிடம் பணம் திரட்டினாராம். கர்பூரி அப்பணத்தை வாங்கி முதலமைச்சர் நிவாரண நிதியில் சேர்த்துவிட்டாராம்.

இன்னொரு கதை இன்னும் ஆழமானது. அவர் உயர் பதவியில் இருந்த காலத்தில், தொழில் செய்ய வரவில்லை என்று அவர் தந்தையை ஊர்ப் பெருநிலக்காரர் ஒருவர் இழிவு செய்தாராம். செய்தி அறிந்து அதிகாரிகள் போலீசாருடன் விரைந்தனராம். கர்பூரி அவர்களைத் தடுத்து, ஊருக்கு ஊர் எளியவர் பலர் நாள்தோறும் இதே இழிவைப் படுகிறார்கள், அவர்கள் அனைவரையும் காக்கும்போது என் தந்தையும் காக்கப்படுவார் என்ற கருத்தில் பேசித் திருப்பி அனுப்பினாராம். காமராசரின் அன்னையார் விருதுநகரில் எளிய வீட்டிலேயே வாழ்ந்ததை அறிந்த நமக்கு, இத்தகைய மனிதர் அயலார் அல்லர்.

1988 பிப்ரவரி 17ஆம் நாள், அறுபத்து நான்காம் வயதில், மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். இருமுறை முதலமைச்சராய் இருந்தவர் தம் மக்களுக்கென்று விட்டுச்சென்ற மாளிகை எதுவும் இல்லை. ஊரில் பழைய குடிசைதான் இருந்தது. அவருக்குப் பின் பீகாரை ஆண்ட லாலு பிரசாதும் நிதீஷ் குமாரும் அவர் வழியில் வந்தவர்கள் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டனர். அவர் பிறந்த ஊர் 'கர்பூரி கிராம்' என்று பெயர் பெற்றது. நூற்றாண்டு நிறைவுக்கு முதல்நாள், 2024 ஜனவரி 23 அன்று, பாரத ரத்தினம் விருது அறிவிக்கப்பட்டது. மார்ச் 30 அன்று குடியரசுத் தலைவர் கையிலிருந்து அவர் மைந்தர் இராம்நாத் தாக்கூர் அதனைப் பெற்றுக்கொண்டார்.

நமக்கு ஒரு சொல்

நேயர்களே! பீகாரிலிருந்து கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வரும் இளைஞர்களை நாம் ஊர்தோறும் காண்கிறோம். சென்னை, கோவை, திருப்பூர் வரையிலும் அவர்கள் வந்துவிட்டார்கள். நம் முன்னோர் பிழைப்புக்கு வடக்கே வந்ததுபோல், அவர்கள் பிழைப்புக்குத் தெற்கே செல்கிறார்கள். அவர்களை 'பீகாரி' என்று ஒரு சொல்லில் அடக்கி ஒதுக்குவோர் நம்முள்ளும் உண்டு. 'மதராசி' என்ற ஒரு சொல்லில் அடக்கப்பட்டு நாம் பட்ட வருத்தத்தை மறந்துவிட்டோமா? அவ்விளைஞருள் எத்தனையோ பேர், கர்பூரி எவர்க்குத் தனி இலை போட்டாரோ, அக்குடிகளில் பிறந்தவர்கள். அவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

இதை எழுதி முடித்ததும் அந்தப் பிள்ளையை அழைத்துப் படித்துக் காட்டினேன். பொறுமையாய்க் கேட்டவன், "மாமா, அந்தச் செல்வர் காலைப் பிடித்துவிடச் சொன்னாரே, அவர் பிடித்துவிட்டாரா?" என்று கேட்டான். "கதையில் அது இல்லையப்பா" என்றேன். சற்று எண்ணிப் பார்த்து, "பிடித்துவிட்டிருப்பார், மாமா. அப்பா பக்கத்தில் நின்றாரே, மறுத்தால் அப்பாவுக்கல்லவா துன்பம்" என்றான்.

கட்டுரையில் அதையே எழுது என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த திங்கள், அஸ்ஸாம் நாட்டுத் தலைவர் கோபிநாத் பர்தலையைப் பற்றி எழுத எண்ணியுள்ளேன்.